பதினைந்து நாள் கெடு

நாய்க்குட்டி வாங்கலாம் என்று ஒரு நகரக் குடும்பம் முடிவு செய்யும்போது எல்லோரும் அதன் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதன் மறுமுனையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே குட்டி அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது.

மும்பையின் முலுந்த் பகுதியில், ஐந்தாவது மாடியில், இரண்டு அறை ஃபிளாட்டில் வசிக்கும் அந்த மராட்டியக் குடும்பத்திலும் அதுதான் நடந்தது. அப்பா வங்கி ஊழியர். அம்மா பள்ளி ஆசிரியை. மகள் ஏழாம் வகுப்பு. மகள் ஆஜி என்று அழைக்கும் பாட்டிக்கு வயது 74. இந்த நால்வருக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது ஒரு வெள்ளைப் பஞ்சுப் பொதி. பெயர் மோத்தி.

'பாமரேனியன்' என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். இந்தியாவில் அந்தப் பெயரில் விற்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1994ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் டஃபியாக வந்து கல்யாணத்தையே மாற்றிவிட்ட நாயும் அதே ரகம்தான். 2003ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக், ஸ்பிட்ஸை ஓரம்கட்டியது. சப்பை மூக்கு பக்குக்கு நம் ஊர் வெயிலில் மூச்சு விடுவதே சிரமம் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. ஸ்பிட்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது எதையும் தின்னும், நன்றாகக் குரைக்கும், சின்ன வீட்டில் அடங்கும்.

ஆனால் எங்கே ஒதுங்குவது என்பது மட்டும் பிறவியிலேயே அதற்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை, ஈரமான டைல்ஸில் ஆஜியின் கால் வழுக்கியது. ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அன்று மாலை அப்பா கெடு விதித்தார். "பதினைந்து நாள். அதற்குள் இது பழகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்." அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு எழுந்து நடப்பது எத்தனை கடினம் என்பது அவருக்குத் தெரியும். மகள் அழுதாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. விற்ற குட்டியைக் கடைக்காரர்கள் எளிதில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. யாருக்கும் வேண்டாத வெள்ளை நாய்கள் பல, கடைசியில் தெருவுக்குத்தான் வருகின்றன. சோபாவில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

முதல் வாரம் வீட்டில் பாரம்பரிய வைத்தியம் நடந்தது. நனைத்த இடத்தில் குட்டியின் மூக்கைத் தேய்ப்பது, சுருட்டிய பேப்பரால் தட்டுவது. குட்டி சீக்கிரமே ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மனிதர்கள் எதிரில் போகக் கூடாது, சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும். நாய்க்குட்டியால் தண்டனையைச் சில விநாடிகளுக்கு முன் நடந்ததோடு மட்டுமே இணைத்துப் பார்க்க முடியும். கால் மணி நேரத்துக்கு முன் செய்த காரியத்துக்கு இப்போது அடித்தால், அடிப்பவரைக் கண்டு பயப்படும். அவ்வளவுதான்.

தடுப்பூசிக்காகக் கொண்டு போனபோது கால்நடை மருத்துவர் கணக்கு ஒன்றைச் சொன்னார். இரண்டு மாதக் குட்டியால் பகலில் சுமார் இரண்டு மணி நேரம்தான் அடக்க முடியும். மாதம் ஏற ஏற ஒவ்வொரு மணி நேரம் கூடும். சிறிய ரகங்களுக்கு மூத்திரப்பையும் சிறியது என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கி எழுந்ததும் போகும், விளையாடியதும் போகும், சாப்பிட்ட கால் மணி, அரை மணியில் போகும். குட்டி எப்போது போகும் என்பது ரகசியமே அல்ல. அந்த நேரத்தில் அதைச் சரியான இடத்தில் நிறுத்த ஒரு ஆள் வேண்டும்.

"கீழே தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டாள் மகள். கூடாது என்றார் மருத்துவர். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தடுப்பூசிகள் 16 வாரத்தில் முடியும்வரை, ஊர் நாய்கள் உலவும் மண்ணில் குட்டியை இறக்குவது ஆபத்து. அதுவரை பால்கனியில் பழைய பேப்பர்தான்.

இன்னும் சில விஷயங்களையும் சொன்னார். மாட்டுப்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு வைக்கக் கூடாது. குறித்த நேரத்தில் நாலு வேளை கொடுத்தால் குறித்த நேரத்தில் வெளியே வரும். வேளை தவறவும் கூடாது. இத்தனை சிறிய உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். தரையைத் துடைக்க ஃபினைல் வேண்டாம். பாதத்தை நக்கும் குட்டிக்கு அது விஷம். அமோனியா கலந்த எதுவும் ஆகாது, நாயின் மூக்குக்கு அது மூத்திர வாசனைதான். மறுபடியும் அதே இடத்துக்கு வரும்.

அப்பாவும் அம்மாவும் மகளும் காலை எட்டரைக்குள் கிளம்பிவிடுவார்கள். இரண்டு மணி நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஆள். கால் வழுக்கிய அதே ஆள்.

ஆஜி எதுவும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தவர், வழக்கம்போல விளக்கேற்றுவதற்கு முன் குட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். பேப்பரில் விட்டார். பிறகு, "ஸ்ஸ்ஸ்" என்றார்.

இந்தியப் பாட்டிகளுக்கு அந்த ஒலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டயாபர் வராத காலத்தில் மூன்று பிள்ளைகளைக் காலிடுக்கில் உட்காரவைத்து, இந்த "ஸ்ஸ்ஸ்" ஒன்றை வைத்தே பழக்கியவர் அவர். காரியம் நடக்கும் சமயத்தில் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால், நாளடைவில் அந்த ஒலியே காரியத்தை நடத்திவைக்கும். நாய்ப் பயிற்சியாளர்கள் கட்டளைச் சொல் என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவதும் இதைத்தான். முடிந்ததும் ஆஜி குட்டியின் தலையைத் தடவி, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கைக் கொடுத்தார். வெள்ளி, செவ்வாய் விரதம் இருக்கும் கை அது. கோழித்துண்டைத் தொட்டதைப் பார்த்த மருமகள் வாயைத் திறக்கவில்லை.

மகாராஷ்டிரத்தில் பெரும்பாலான வீடுகளில் காலநிர்ணய் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, வேலைக்காரி வராத நாள், சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதன் கட்டங்களில்தான் எழுதப்படும். ஆஜி அதில் மோத்தியின் கணக்கையும் தொடங்கினார். பால்கனியில் போனால் கோடு. வீட்டுக்குள் போனால் புள்ளி. முதல் நாள் மூன்று கோடு, ஏழு புள்ளி. ஐந்தாம் நாள் ஆறு கோடு, நாலு புள்ளி. வீட்டில் விருந்தாளிகள் வந்த நாளில் வரிசையாகப் புள்ளிகள். விருந்தாளியைக் கண்ட உற்சாகத்திலேயே ஒழுகிவிடும் குட்டிகள் உண்டு, அதற்குக் கோபித்துப் பயனில்லை. இரவில் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூடையை வைத்துக்கொண்டார். படுத்த இடத்தை நனைக்க விரும்பாத குட்டி முனகும். தூக்கம் குறைந்துபோன வயதுக்காரருக்கு அந்த முனகலே போதும்.

கெடு முடிந்த அன்று கட்டத்தில் எட்டுக் கோடு, ஒரு புள்ளி. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து காலண்டர் முன் நின்றார். முழு வெற்றி அல்ல. நாய்க்குட்டி முழுக் கட்டுப்பாட்டுக்கு வர நாலு, ஐந்து மாதங்களாவது ஆகும். சிறிய ரகங்களுக்கு இன்னும் அதிகம். அவர் கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்த கட்டைத் தூக்கி, பால்கனி ஓரத்தில் வைத்தார்.

தடுப்பூசிகள் முடிந்து மோத்தி முதன்முதலாகக் கீழே இறங்கியபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. புல் இருந்தது, மண் இருந்தது, மரம் இருந்தது. மோத்தி எதையும் சீண்டவில்லை. அரை மணி நேரம் சுற்றிவிட்டு, லிஃப்டில் ஏறி, வீட்டுக்குள் ஓடி, பால்கனிப் பேப்பரில் போய் நின்றது. குட்டி வயதில் எதன் மேல் பழகுகிறதோ அதையே தேடுவது நாயின் இயல்பு. மகள் கெஞ்சினாள், அப்பா அதட்டினார். அதற்கு வேண்டியது பேப்பரும் "ஸ்ஸ்ஸ்" என்ற அந்தக் குரலும்தான்.

முட்டி வலியால் பல மாதங்களாகக் கீழே இறங்காமலிருந்த ஆஜி, மறுநாள் மாலை ஒரு தாள் பேப்பரை மடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். மரத்தடியில் விரித்தார். இரண்டு வாரத்தில் தாள் பாதியானது, பிறகு கையளவானது, பிறகு தேவையில்லாமல் போனது. ஆனால் தாளை எடுத்துப் போவதை அவர் நிறுத்தவில்லை. சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா? மாலை ஐந்தரைக்கு அந்த மரத்தடி பெஞ்சில் இப்போது மூன்று பாட்டிகள் உட்காருகிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு நாய் கிடையாது.