வளைந்துபோன கூரைச் சட்டம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் போனால் புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய டிரெய்லர் லாரிகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான் தொழிற்சாலை, 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை. ரோபோ கைகள் பொறி பறக்கப் பற்றவைக்கும் கூரைகள் இங்கே உருவாகின்றன. ஒருமுறை பற்றவைத்தால் அவ்வளவுதான், அந்தக் கூரை அசையாது. மடிக்கிற துணிக்கூரை கொண்ட ஒரு பழைய கார் சட்டம் வளைந்து வந்து நின்றால், அத்தனை ரோபோக்களில் ஒன்றுகூட உதவாது. அதற்குச் சுத்தியல் பிடித்துப் பழகிய ஒரு டிங்கர்தான் வேண்டும்.

இந்தப் பகுதிக்குப் பழைய கார் ஒன்றும் அந்நியம் இல்லை. வண்டலூர் – ஒரகடம் சாலை இருக்கிறதல்லவா, அதன் வண்டலூர் முனையை ஒட்டித்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே தயாரான கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது, வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. ஹெரால்டின் விசேஷமே அதன் உடம்பு ஒரே துண்டு இல்லை என்பதுதான். தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. கூரையும் போல்டில்தான் நிற்கிறது! அதனால்தான் இங்கிலாந்துக் கம்பெனி 1960-லேயே சுலபமாக ஒரு திறந்த மாடலையும் விட முடிந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் சாதா ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த காராக மாற்றுவதும் உண்டு. கழற்றுவது சுலபம்தான், ஐப்பசி மழை வரும்போதுதான் துணிக்கூரையின் அருமை தெரியும்.

துணிக்கூரையின் சட்டம் ஏறக்குறைய ஒரு பெரிய குடைக்கம்பிதான். இரண்டு பக்கமும் கீல் போட்டு மடங்குகிற பக்கச் சட்டங்கள், குறுக்கே வில் மாதிரி வளைந்த குழாய்கள், முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் போய் உட்கார்ந்து கொக்கி மாட்டிக்கொள்கிற முன்சட்டம். வில்களை இடம் மாறாமல் பிடித்திருப்பவை கட்டில் நாடா போன்ற பட்டைகள். அதற்கும் மேலேதான் கேன்வாஸோ ரெக்சினோ.

இது வளைவதற்கு விபத்துதான் நடக்க வேண்டும் என்பதில்லை. மரக்கிளை விழலாம், மடித்து வைத்த கூரைமேல் ஊர்வலத்தில் நாலு பேர் ஏறி உட்காரலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் அவசரம்தான். வருஷக்கணக்கில் வெயில் தின்ற ரெக்சின் சுருங்கிவிடும். முன்சட்டம் இரண்டு விரல்கடை எட்டாது. உடனே இரண்டு பேர் சேர்ந்து பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கொக்கியை மாட்டுவார்கள். துரு ஏறிய கீல் திரும்பாது, அந்த இழுப்பு முழுவதும் மெல்லிய பக்கச் சட்டத்தில் இறங்கும். ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

சரி, ஒரு கொக்கி மாட்டாவிட்டால் என்ன? நகருக்குள் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது கூரைக்கு மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று துணியை மேல்நோக்கித் தள்ளும். கூரை பலூன் மாதிரி உப்பும். அந்த இழுவிசை முழுவதையும் தாங்குவது முன்னால் உள்ள கொக்கிகள். ஒன்று சரியாக மாட்டாமல் மற்றதும் விட்டுவிட்டால் கூரை பின்னால் பிய்த்துக்கொண்டு போகும். உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து, பின்னால் பைக்கில் வருபவருக்கும் ஆபத்து.

நல்ல டிங்கர் எடுத்தவுடன் சுத்தியலைத் தூக்குவதில்லை. முதலில் துணியைக் கழற்றுவார். அடுத்து சட்டத்தை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பார்! கதவு இடுக்கு மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் கோளாறு பாடியில் இருக்கிறது. கூரை இல்லாத கார் நடுவில் தொய்யும், ஹெரால்டில் சேஸிஸின் பக்கக் கைகள் துருப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். பாடி தொய்ந்திருக்கும்போது சட்டத்தை அதற்கு ஏற்றபடி வளைத்தால், நேராக இருந்ததையும் கெடுத்ததாகத்தான் ஆகும்.

பாடி சரி என்றால் அளவு. கண்ணாடிச் சட்டத்தின் வலது மூலையிலிருந்து இடது கீல் வரை, இடது மூலையிலிருந்து வலது கீல் வரை, குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒத்துவர வேண்டும். பிறகு நல்ல பக்கச் சட்டத்தைப் பிளைவுட்டில் வைத்துப் பென்சிலால் வரைந்து, வெட்டித் திருப்பிப் போட்டால் கெட்ட பக்கத்துக்கு அச்சு கிடைத்துவிடும். இந்தப் பிளைவுட் துண்டுக்கு ஆகிற செலவு சொற்பம், அதை விட்டுவிட்டுக் கண்மதிப்பில் தட்டுகிறவர்கள்தான் அதிகம்.

நிமிர்த்துவது பச்சையாக, சூடு காட்டாமல். குழாய் என்றால் உள்ளே மணலைக் கெட்டித்து அடைத்தால் நசுங்காது. இரும்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு, விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பி வரும். அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகத் தள்ளி விட வேண்டும், எவ்வளவு அதிகம் என்பது கைக்குத்தான் தெரியும். ரப்பர் சுத்தியல், மரக்கட்டை, சிறிய ஜாக்கி போதும். மடிப்பு விழுந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். தேய்ந்த கீல் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, லேத்தில் கடைந்த புது பின்னும் புஷ்ஷும் போட வேண்டும். கீல் ஆடினால் மற்ற வேலை எல்லாம் வீண்.

புதுச் சட்டமே செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் அறுபது வருஷம் ஓடிய இரண்டு ஹெரால்டுகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்றில் அளவெடுத்துச் செய்தது இன்னொன்றில் உட்காராது. பழைய சட்டமோ அந்தக் காரோடு சேர்ந்தே தேய்ந்து பழகியது.

இந்த வேலை தெரிந்தவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்பது வேறு விஷயம். ஐ.டி.ஐ. முடித்த பையன் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மாதச் சம்பளம். துணிக்கூரை கார் வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. அவனைக் குறை சொல்ல முடியுமா?

சட்டம் முடிந்தபின் துணி இல்லாமலே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கையால் இரண்டு கொக்கியும் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட் கவர் தைப்பவரைக் கூப்பிட்டு நாடா, துணி எல்லாம். கடைசியில் ஒரு ஆள் காருக்குள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கூரைமேல் அடிக்க வேண்டும். உள்ளே உட்காருகிறவர் அநேகமாகக் கடைப் பையனாகத்தான் இருப்பான்.