டாக்டரின் நெற்றித்துணி

எண்பதுகளில் பெரம்பூர் பக்கத்து முடிதிருத்தும் கடைகளில் முருகன் படத்துக்கும் சினிமா நடிகர் படத்துக்கும் நடுவே ஒரு கால்பந்துக்காரர் கட்டாயம் இருப்பார். ‘ஸ்போர்ட்ஸ்டார்’ நடுப்பக்கத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருப்பார்கள். பெலேவும் மரடோனாவும்தான் அதிகம். நாங்கள் முடி வெட்டிக்கொண்ட கடையில் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்த, தாடி வைத்த, ஒல்லியான ஒருவர். ஆட்டக்காரர் என்றே தோன்றாது. ஏதோ யோசனையில் இருக்கிற முகம். 1982 உலகக் கோப்பையில் பிரேசில் கேப்டன், பெயர் சாக்ரடீஸ், டாக்டருக்குப் படித்தவர் என்று கடைக்காரர் சொல்வார். ஊசி போடுகிற டாக்டரா என்று கேட்டால், “அதே டாக்டர்தான்டா” என்பார்.

1986 உலகக் கோப்பை மெக்சிகோவில் நடந்தது. அங்கே உச்சி வெயில் என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. தெருவில் டிவி இருந்த வீடுகள் சிலதான். உள்ளே பாயில் பெரியவர்கள், வாசற்படியில் இளவட்டங்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் சாக்ரடீஸ் வந்தபோது அவர் நெற்றியில் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது. வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க என்றார் வீட்டுக்காரர். என் மாமா எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “வியர்வைத் துணி இல்ல சார், அதுல எழுத்து இருக்கு” என்றார்.

மாமா ஒரு தொழிற்சாலையின் அணியில் லெஃப்ட் பேக் ஆடியவர். காலையில் கார்டு அடித்துவிட்டு மெஷினில் நிற்பார், மத்தியானம் அனுமதிச் சீட்டோடு மைதானத்துக்குப் போவார். யூனியன் கூட்டத்திலும் இருப்பார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி, நல்ல மனிதர், மாமா மீது பிரியம் உள்ளவர். “வெளையாட வந்தவனுக்கு எதுக்குப்பா எழுத்தெல்லாம்?” என்றார். “அவனும் சம்பளம் வாங்குறவன்தானே சார்” என்றார் மாமா. கால்பந்துக்காரர்கள் நாட்டு நடப்பைப் பேசலாமா என்று எங்கே யார் விவாதித்தாலும் எனக்கு இந்த இரண்டு வாக்கியங்கள்தான் காதில் விழுகின்றன. இரண்டாவதின் பக்கம்தான் நான் அன்றும் இன்றும்.

அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஸ்பெயினுக்கு எதிராக, சாக்ரடீஸ் கட்டிவந்த துணியில் இருந்தது ‘மெக்சிகோ இன்னும் நிற்கிறது’ என்ற பொருள்படும் ஸ்பானிய வாசகம். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரத்தில் நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிறகு வந்த ஆட்டங்களில் வேறு வேறு வாசகங்கள். எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் அந்த ஜூன் மாதம் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் ஆடினோம். கால் இறுதியில் பிரான்சிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றது. ஓடிவராமல் ஓரிரண்டு எட்டு மட்டும் வைத்து அவர் அடித்த பந்தை ஜோயல் பாட்ஸ் தடுத்தார். கைக்குட்டைகள் அவிழ்ந்தன.

அவருடைய கதை முழுவதும் கையில் கிடைக்க எனக்குப் பல காலம் ஆயிற்று. பிரேசிலின் வடக்கே பெலேம் நகரில் 1954இல் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல் தானே புத்தகம் வாங்கிப் படித்துத் தேறியவர். கிரேக்க ஞானிகள் மீதிருந்த காதலில் பிள்ளைகளுக்கு சாக்ரடீஸ், சோஃபக்லீஸ், சாஸ்தனீஸ் என்று பெயர் வைத்தார். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அப்பா தன் புத்தகங்களில் சிலவற்றை எரித்ததைப் பத்து வயதுப் பையன் பார்த்துக்கொண்டு நின்றான். புத்தகத்துக்காகவே வாழ்ந்த மனிதர் தன் கையாலேயே அதற்குத் தீ வைத்ததைப் பார்த்த நாளிலிருந்துதான் தனக்கு அரசியல் தொடங்கியது என்று பின்னாளில் அவர் சொல்லிவந்தார்.

ரிபெய்ராவ் பிரேத்துவில் மருத்துவம் படித்துக்கொண்டே உள்ளூர் அணிக்கு ஆடி, பட்டம் வாங்கிய பிறகு 1978இல் சாவ் பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு வந்தார். தொழிலாளிகளின் கிளப் என்று பெயர் பெற்றது அது. நாட்டில் எப்படியோ அப்படித்தான் கிளப்பிலும். மேலே இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர் செய்வார். ஆட்டத்துக்கு முன்னதாக ஆட்டக்காரர்களை விடுதியில் அடைத்துவைக்கும் வழக்கம் பிரேசில் எங்கும் இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற மனிதன்கூட மனைவியைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஓர் ஆட்டக்காரனின் ‘பாஸ்’, அதாவது அவனை இன்னொரு கிளப்புக்குப் போகவிடும் உரிமை, ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப்பின் கையில்தான் கிடந்தது.

1981இல் அணி மோசமாக ஆடித் தலைகுனிந்த வேளையில் வால்டெமார் பைரஸ் தலைவரானார். கால்பந்துப் பொறுப்புக்கு அவர் கொண்டுவந்த அதில்சன் மோன்டெய்ரோ ஆல்வெஸ் சமூகவியல் படித்தவர். அவர் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, என்ன குறை என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் முடிவையும் அவர்களிடமே விட்டார். சாக்ரடீஸ், லெஃப்ட் பேக் வ்லாதிமிர், இருபது வயதுகூட ஆகாத காசகிராந்தே மூவரும் முன்னே நின்றார்கள். எத்தனை மணிக்குப் பயிற்சி, எங்கே சாப்பாடு, யாரை வாங்குவது, விடுதியில் அடைப்பது வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. கால் பிடித்துவிடுகிறவருக்கும் ஒரு ஓட்டு, சாக்ரடீசுக்கும் ஒரு ஓட்டு. 1983இல் கோச் இடம் காலியானபோது தங்களில் மூத்தவரான ஸே மரியாவை ஓட்டுப்போட்டே கோச்சாக்கினார்கள். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாத நாட்டில், ஒரு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் இது நடந்தது. ‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’ என்று அதற்குப் பெயர் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். அவர்கள் நாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தங்கள் வீட்டைச் சரி செய்துகொண்டார்கள். அதனால்தான் 1982 நவம்பர் 15 தேர்தலுக்கு முன்னால் ஜெர்சியின் முதுகில் ‘15ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்’ என்று எழுதிக்கொண்டு அவர்கள் இறங்கியபோது அது விளம்பரமாகத் தெரியவில்லை. எந்தக் கட்சியின் பெயரும் அதில் கிடையாது. அறுபதுகளுக்குப் பிறகு முதல்முறையாக மாநில ஆளுநர்களை மக்களே தேர்ந்தெடுக்கக் கிடைத்த வாய்ப்பு அது. அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி. 1983 மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் ஏந்திவந்த பதாகை, ஜெயித்தாலும் தோற்றாலும் எப்போதும் ஜனநாயகத்தோடு என்று சொன்னது. இந்த ஏற்பாட்டையே ஒப்புக்கொள்ளாத எமெர்சன் லியாவோதான் அன்று அவர்களின் கோல்கீப்பர். ஒப்புக்கொள்ளாதவருக்கும் இடம் இருந்தது. 1982, 1983 இரண்டு ஆண்டும் மாநில சாம்பியன் பட்டம் அவர்களுக்குத்தான். பேசினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தக் கோப்பைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1984 ஏப்ரல் 16. சாவ் பாவ்லோவின் அன்யங்கபவ் பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் நிறம், பத்து லட்சத்துக்கும் மேல் மனிதத் தலைகள். ஜனாதிபதித் தேர்தல் இப்போதே நேரடியாக வேண்டும் என்ற இயக்கம் அது. மேடைகளில் ஒலிபெருக்கி பிடித்தவர் ஒஸ்மார் சாந்தோஸ், கால்பந்து ரேடியோ வர்ணனையாளர். சாக்ரடீசுக்கு இத்தாலியிலிருந்து பெரிய தொகையில் அழைப்பு வந்திருந்தது. நேரடித் தேர்தலுக்கான அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்குப் போக மாட்டேன் என்று கூட்டத்தின் முன் அவர் வாக்குக் கொடுத்தார். ஏப்ரல் 25இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. 320 வேண்டும், 298 கிடைத்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவைக்கே வராமல் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல். 22 ஓட்டில் போயிற்று. அவர் ஃபியோரென்டினாவுக்குப் போனார். டிரெஸ்ஸிங் ரூம் ஓட்டும் அடுத்த ஆண்டுக்குள் முடிந்தது. பிரேசில் மக்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1989 ஆயிற்று.

அவரை நினைத்தால் சிலியின் கார்லோஸ் காஸ்ஸெலியும் கூடவே வருவார். 1974 உலகக் கோப்பைக்கு வழியனுப்ப வந்த சர்வாதிகாரி பினோசேவுக்குக் கை கொடுக்க மறுத்தவர். அவருடைய அம்மாவைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். பினோசே ஆட்சி தொடரலாமா என்ற 1988 பொதுவாக்கெடுப்பின்போது தொலைக்காட்சியில் ஓர் அம்மா தனக்கு நேர்ந்ததைச் சொல்வார். அடுத்து காஸ்ஸெலி தோன்றி, இவர் என் அம்மா என்பார். ஆட்டக்காரன் பேசக் கூடாது என்கிறவர்கள், அந்த அம்மாவின் மகன் எந்த வாயால் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

2011 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை சாக்ரடீஸ் காலமானார். வயது 57. குடி அவரைக் கொண்டுபோயிற்று. அன்றே கொரிந்தியன்ஸ் தேசிய சாம்பியன் ஆனது. கோல் போட்டால் அவர் உயர்த்துவாரே அதே மாதிரி வலது முஷ்டியை ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஆட்டத்துக்கு முன்னால் உயர்த்தி நின்றார்கள். செய்தியைப் படித்தபோது மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மாமா அதற்கு முன்பே போய்விட்டார். அந்தத் தொழிற்சாலை அணியும் இல்லை. சக ஊழியனின் ஷிப்டையும் தன் ஆட்டத்தையும் ஒரே மூச்சில் பேசுகிற கால்பந்துக்காரர்களை நான் பிறகு எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பிரேசிலில் 1998இல் வந்த பெலே சட்டம் அந்தப் பழைய ‘பாஸ்’ முறைக்கு முடிவு கட்டியது. ஐரோப்பாவிலும் ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரன் தன் இஷ்டப்படி போகலாம். கட்டுண்டு கிடந்த காலத்தில் பேசினார்கள், கட்டு அவிழ்ந்து கையில் கோடிகள் வந்த பின் வாய் அடங்கிவிட்டது. எனக்கு ஆறாத வருத்தம் இது. பேசுகிறவர்கள் இல்லாமல் இல்லை. 2020இல் இங்கிலாந்தின் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் ஏழைக் குழந்தைகளின் கோடை விடுமுறைச் சாப்பாட்டுக்காக எழுதிய கடிதம் அரசையே முடிவை மாற்ற வைத்தது. பசித்த பிள்ளையாக வளர்ந்தவர் பேசினார், கை கூப்பலாம். ஆனால் அவர் தனி ஆள். சேர்ந்து முடிவெடுக்கும் அறை அவருக்கு இல்லை.

சேர்ந்தவர்களும் 2022 கத்தார் உலகக் கோப்பையில் என்ன ஆனார்கள்? ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் பாகுபாட்டுக்கு எதிராகப் பல வண்ணக் கைப்பட்டை அணிவதாக இருந்தார்கள். அணிந்தால் மஞ்சள் அட்டை என்றது ஃபிஃபா. ஏழு பேரும் அணியாமல் விட்டார்கள். ஜெர்மானியர்கள் மட்டும் படம் எடுக்கும்போது வாயைக் கையால் மூடிக் காட்டினார்கள்.

அதற்கு ஒன்பது வருடம் முன்னால் பிரேசிலில் இதே மஞ்சள் அட்டை வேறு மாதிரி போயிற்று. நெருக்கமான ஆட்ட அட்டவணைக்கும் சம்பள பாக்கிக்கும் எதிராக 2013இல் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ‘போம் சென்ஸோ’ என்று ஓர் அமைப்பு கண்டார்கள். முன்னே நின்றவர்களில் ஒருவர் பாவ்லோ ஆந்த்ரே, கொரிந்தியன்ஸ் தடுப்பாட்டக்காரர். சில மாதங்களில் அவர் சீனாவுக்குப் போய்விட்டார், அமைப்பும் 2016இல் கலைந்தது. ஆனால் 2013 நவம்பரில் ஆட்டம் தொடங்கியதும் கை கட்டி நிற்பது என்று நாடு முழுக்க முடிவு செய்திருந்தார்கள். சாவ் பாவ்லோ அணியும் ஃபிளமெங்கோவும் மோதிய ஆட்டத்தில், கை கட்டினால் மஞ்சள் அட்டை காட்டுவேன் என்றார் நடுவர். விசில் ஊதியதும் ஒருவர் பந்தை எதிரணியின் பக்கம் தட்டிவிட்டார். அவர்கள் அதைத் திருப்பித் தட்டினார்கள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, ஒரு நிமிடம் போல அப்படியே. யாருக்கும் அட்டை காட்ட நடுவருக்கு வழியில்லை. பந்து ஆட்டத்தில்தான் இருந்தது.