மழைக்காலம் என்றால் லீவா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்கள் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் பஸ் ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். "கடல் தண்ணி சும்மா கிடைக்குது, வெயில் சும்மா அடிக்குது. வருஷத்துல மூணு மாசம் லீவு வேற! கொடுத்து வச்சவங்க" என்று பக்கத்து சீட்டில் யாராவது சொல்வதும் உண்டு.

இந்தப் பேச்சில் மூன்று தப்பு இருக்கிறது.

முதலாவது, கடல் தண்ணீர். தூத்துக்குடி அளங்களில் பெரும்பாலும் பாய்வது போர் போட்டு, மோட்டார் வைத்து இறைக்கும் நிலத்தடி உவர்நீர். அது சும்மா வருவதில்லை.

இரண்டாவது, வெயில். வெயில் தண்ணீரை வற்ற வைக்கும், அவ்வளவுதான். சேற்றை வழித்து, வரப்பு கட்டி, பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்குவது மனிதக் கால்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு மண்ணும் வரும். பாத்தி பாத்தியாக மாறி வரும் தண்ணீர் போமே கணக்கில் சுமார் 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் உப்பு விளையும். அதை வாரி, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். இதில் பெண்கள்தான் நிறைய. உச்சி வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே இறங்கிவிடுகிறார்கள். உவர்நீரில் கால் வெடிக்கும், வெள்ளைக் கூச்சத்தில் கண் எரியும்.

மூன்றாவது, அந்த "லீவு". சம்பளத்தோடு வந்தால்தானே லீவு? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பாத்தியில் தண்ணீர் நிற்கும். வேலை இல்லை, கூலியும் இல்லை. விவசாயி வானத்தைப் பார்த்துக் கும்பிடும்போது இவர்கள் கடன் கேட்டு அலைகிறார்கள். மார்ச்சில் வாரப்போகும் உப்பின் கூலி நவம்பரிலேயே அரிசியாகித் தீர்ந்துவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது.

மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் தருவதுபோல, இவர்களுக்கும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், நாளுக்கு 55 ரூபாய்கூட வராது.

ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களைப் பற்றித்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். நாவல் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஸ் ஜன்னலோரப் பேச்சு மட்டும் மாறவில்லை.

அடுத்த முறை நவம்பரில் அந்தப் பக்கம் போனால், ஆளில்லாத பாத்திகளைப் பாருங்கள். அங்கே யாரும் ஓய்வெடுக்கவில்லை. காத்திருக்கிறார்கள்.