மஞ்சள் அட்டைக்கு ஒரு படுக்கை

புணே ஸசூன் மருத்துவமனை வாசல். மதியம் ஒரு மணி. உள்ளே நோயாளிகளுக்குத் தக்டூஷேட் கணபதி அறக்கட்டளையின் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது. வெளியே யாரோ வேண்டுதலுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பாக்தாத்திலிருந்து வந்த யூதர் டேவிட் ஸசூன் அள்ளிக் கொடுத்த பணத்தில் 1867இல் திறந்த இடம் இது. திறப்பைப் பார்க்க அவர் இல்லை, 1864இலேயே போய்விட்டார்.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியின் கையில் சாப்பாடும் இல்லை, பழமும் இல்லை. அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் சின்னச் சிலுவை. மடியில் ஓரம் கிழிந்த பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் விண்ணப்பப் படிவங்கள், ஜெராக்ஸ் நகல்கள், பசைக்குச்சி, கைநாட்டு வைக்க ஊதா மைப்பெட்டி. ரப்பர் பேண்டுகளை வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டிருக்கிறார்.

எதிரே சோலாப்பூர்ப் பக்கத்துத் தம்பதி. கணவருக்கு அறுவைச் சிகிச்சை. ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டிருக்கிறார்கள். மனைவி முந்தானையை முறுக்கிக்கொண்டே நிற்கிறாள்.

"ரேஷன் கார்டு இருக்கா?" என்று பெண்மணி கேட்கிறார்.

மனைவியின் பைக்குள்ளிருந்து, ஏழைகளுக்குரிய மஞ்சள் அட்டை வருகிறது. பெண்மணியின் முகம் மலர்கிறது.

மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவை, அதன் பெயரைச் சொல்லாமலே, அவளுக்கு விளக்குகிறார். அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் நூற்றுக்குப் பத்துப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம் இது. மருத்துவமனை தன் பில் தொகையில் இரண்டு சதவீதத்தை ஏழை நோயாளி நிதியில் போட்டாக வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் முன்பணம் கேட்காமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கட்டடமும் காவலாளியுமாக நிற்கும் சில பெரிய மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும் என்றதும் அந்த மனைவி நம்பாமல் பார்க்கிறாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பசித்தவருக்குச் சோறு போட இந்த ஊரில் கோயிலும் குருத்வாராவும் தேவாலயமும் தர்காவும் இருக்கின்றன, குறையே இல்லை. ஆனால் சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட படுக்கையை எந்த வாசலில் போய்க் கேட்பது என்று சொல்ல ஆள் குறைவு. ஒவ்வொரு அன்னதானக் கூடத்திலும் இப்படி ஒரு ஃபைலும், அதை வைத்துக்கொண்டு உட்கார ஒருவரும் இருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

அவர் படிவத்தை நிரப்புகிறார். கணவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் மெல்ல உருட்டுகிறார். "அந்த ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர்னு ஒருத்தர் இருப்பார். அவரைக் கேளுங்க. கவுன்டர்ல கேட்டுட்டுத் திரும்பி வந்துடாதீங்க," என்று மராத்தியில் இரண்டு முறை சொல்கிறார். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் தரும ஆணையர் அலுவலகத்துக்கு வழியை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கிறார்.

அடுத்து வந்த முதியவரிடம் ரேஷன் கார்டே இல்லை. "பரவாயில்ல காகா, தாசில்தார் வருமானச் சான்று கொடுத்தாலும் போதும்," என்று புதுப் படிவம் ஒன்றை உருவுகிறார்.