தோட்டா எப்போது கெடும்?

சில ஆண்டுகளில் தானாகவே செத்துப்போகும்படி தோட்டா செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு அமெரிக்காவில் கிளம்புவதும் அடங்குவதுமாக இருக்கிறது. 2008 தேர்தலுக்குப் பிறகு அங்கே தோட்டாவுக்கும், அதன் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் கடும் தட்டுப்பாடு வந்தபோது அது பலமாகப் பரவியது. குறித்த காலத்தில் செயலிழக்கும் பிரைமரைத்தான் செய்ய வேண்டும் என்று அரசு நிறுவனங்களை நெருக்குகிறது, மக்கள் வாங்கி வைத்திருப்பதெல்லாம் ஒருநாள் வெறும் பித்தளையாகிவிடும் என்று சொன்னார்கள். அப்படி ஓர் உத்தரவு வரவில்லை. அப்படி ஒரு பிரைமரும் கடைக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு வெறும் காற்றிலிருந்து பிறக்கவில்லை. அதே ஆண்டுகளில் சில மாநிலச் சட்டமன்றங்களில், ஒவ்வொரு தோட்டாவிலும் குறியீட்டு எண் பொறிக்க வேண்டும், எண் இல்லாத பழைய சரக்கைக் குறித்த தேதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று மசோதாக்கள் வந்தன. அவை சட்டமாகவில்லை. இன்னொரு பக்கம், ஈயம் கலக்காத பிரைமர்கள் புழக்கத்துக்கு வந்திருந்தன. கடுங்குளிரிலும் நீண்ட சேமிப்பிலும் அவை பழையவற்றைப் போலக் கைகொடுக்குமா என்ற கேள்வி தொழிலுக்குள்ளேயே இருந்தது. மசோதாவில் இருந்த தேதியும் ரசாயனத்தில் இருந்த ஐயமும் வாய்மொழியில் கலந்து ஒரே கதையாகிவிட்டன.

உந்துமருந்துச் சோதனைக்கூடத்தில் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். மருந்துக்குள் காலாவதியை யாரும் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை. அது மருந்தோடு கூடவே பிறக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தொழில் பட்ட பாடெல்லாம் அதைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்தின் அடிப்படை, பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ். 1846-இல் வேதியியலாளர் ஷான்பைன் அதை அறிவித்தார். மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் அதைத் தயாரித்த ஆலை வெடித்து உயிர்களைப் பறித்தது. பஞ்சின் நுண்குழல்களுக்குள் தங்கிவிடும் அமிலம் உள்ளிருந்தே பொருளை அரிக்கும். பஞ்சைக் கூழாக அரைத்து, அமிலம் போகும்வரை அலசும் முறையை 1860-களில் பிரெடரிக் ஏபல் நிலைநாட்டினார். அலசுதலில் அவசரம் காட்டிய மருந்து எத்தனை ஆண்டு கழிந்தாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அலசி முடித்தாலும் வேலை முடிவதில்லை. நைட்ரோசெல்லுலோஸ் சாதாரண வெப்பத்திலேயே மிக மெதுவாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடுகிறது. அந்த வாயுக்கள் மீந்த மருந்தைத் தாக்கிச் சிதைவை விரைவாக்குகின்றன. இதற்கான பாடத்தைப் பிரெஞ்சுக் கடற்படை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1884-இல் பால் வியெய் உருவாக்கிய பூத்ர்-பி மருந்தில் ஆவியாகிப் போகும் ஆல்கஹால் ஒன்றைச் சிதைவைத் தடுக்கும் நிலைப்படுத்தியாகச் சேர்த்திருந்தார்கள். அது போன பிறகு காவல் இல்லை. 1907-இல் ஈயெனா, 1911-இல் லிபெர்ட்டே என இரண்டு போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்தில் எதிரி யாரும் இல்லாமலே வெடித்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பழுதான மருந்தே காரணம் என்ற முடிவு வலுத்தது. ஆவியாகாத டைஃபீனைலமீன் அந்த இடத்துக்கு வந்தது.

சேர்ப்பது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான். வெளிவரும் வாயுவை அது பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டிக்கொண்டே தானும் தீர்ந்துபோகிறது. நைட்ரோகிளிசரின் மிகுதியாகக் கலந்த மருந்துக்கு டைஃபீனைலமீன் ஒத்துவராது என்பதால் அங்கே கார்பமைட் என்ற நிலைப்படுத்தியைச் சேர்ப்போம். நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டதே அத்தகைய மருந்தான கார்டைட் செய்யத்தான். 1889-இல் ஏபலும் டூவரும் காப்புரிமை பெற்ற அந்த மருந்தில் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு எனும் நைட்ரோசெல்லுலோஸ், 5 பங்கு வாசலின். துப்பாக்கிக் குழலுக்கு மசகாக இருக்கட்டும் என்று சேர்த்த வாசலின், மருந்தைக் கெடாமல் காப்பது பின்னால்தான் புரிந்தது.

சோதனைக்கூடத்தில் நாங்கள் பார்ப்பது அந்தக் காவல் இன்னும் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதைத்தான். ஏபல் சோதனையில் மருந்தைக் குழாயிலிட்டுச் சூடான தொட்டியில் வைப்போம். மேலே ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் ஏற்றிய தாள் தொங்கும். அதன் மேல்பாதி கிளிசரின் நீரில் நனைந்திருக்கும். ஈரமும் உலர்வும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்த நிறத்தை இருவர் ஒரே கணத்தில் காணக் கண் பழக வேண்டும். இன்று குரோமட்டோகிராஃபி நிலைப்படுத்தியின் மீதியை எண்ணாகவே தந்துவிடுகிறது. மருந்து வெளியிடும் வெப்பத்தை அளக்கும் நேட்டோ முறையில், 80 பாகை செல்சியஸில் 10.6 நாள் தாங்குவது 25 பாகையில் 10 ஆண்டுக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது.

இந்தக் கணக்கு புரிந்தவருக்கு வதந்தி எடுபடாது. வெப்பம் 10 பாகை ஏறினால் சிதைவு இரண்டு மூன்று மடங்கு விரைவாகும். 25 பாகையில் வைத்த லாட்டும் (ஒரே தொகுப்பாகச் செய்த மருந்து) தகரக்கூரைக்குக் கீழே 45 பாகையில் வைத்த லாட்டும் ஒரே நாளில் பிறந்திருந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல. ஆலையில் எவராலும் தேதி குறித்து மருந்தைச் சாகவைக்க முடியாது. அதன் முதுமை பிறகு அது வாழ்ந்த இடத்தைப் பொறுத்தது.

பிரைமரின் வரலாறு வதந்திக்கு நேர் எதிரானது. 1800-இல் எட்வர்ட் ஹோவர்ட் விளக்கிய பாதரச ஃபுல்மினேட் வெப்பமான நாடுகளின் கிடங்குகளில் வலுவிழந்தது. சுட்டபின் விடும் பாதரசம் பித்தளையையும் நொறுங்கவைத்தது. பின்னர் குழலைத் துருப்பிடிக்கச் செய்யாத புது வகைகள் வந்தன. ஆனாலும் அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப்போர் முழுவதும் தன் முதன்மை ரைஃபிள் தோட்டாவுக்குக் குளோரேட் கலந்த பழைய பிரைமரையே வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலைக் கழுவ வேண்டிய தொல்லை உண்டு. நீண்ட சேமிப்பில் அது கெடாது என்ற நம்பிக்கைக்காக அந்தத் தொல்லையை ஏற்றுக்கொண்டார்கள். செய்பவர்களும் வாங்குபவர்களும் தேடியது நீண்ட ஆயுளைத்தான்.

உறையும் கெடும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டா உறைகள் தானாக வெடிப்புவிட்டன. குதிரை லாயங்களிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றில் இழுவிசை தேங்கிய பித்தளையைப் பிளந்தது என்பதை 1921-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இழுத்து வடித்த உறையைப் பதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது அதற்கான மருத்துவமானது.

அப்படியானால் உண்மையான ஆயுள் எவ்வளவு? குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் 10 ஆண்டு என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அது அவர்கள் பொறுப்பேற்கும் எல்லை; தோட்டா இறக்கும் நாள் அன்று. மூடி முத்திரையிட்ட பெட்டியில் நன்றாக இருந்த 1940-களின் ராணுவத் தோட்டாக்கள் இன்றும் சுடுகின்றன. உறையின் அடியில் பொறித்திருக்கும் ஆண்டு பிறந்த ஆண்டு. கிடங்குப் பதிவேட்டில் உள்ள ஆயுள் தேதியும் மறுசோதனைக்கு எடுக்கச் சொல்லும் தேதிதான். தேறிய லாட்டுக்கு ஆயுள் நீட்டித்துத் தருவோம்.

பழையது சுடாமல் போவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். என் தொழிலில் பெரிய கவலை, யாரும் சுடாமலே அது பற்றிக்கொள்வது. ஒரு தோட்டாவில் இருக்கும் சில கிராம் மருந்து தன் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். குவியலாகக் கிடக்கும் டன் கணக்கான மருந்தின் நடுவில் அந்த வெப்பத்துக்குப் போக வழியில்லை. அமெரிக்காவில் லூசியானாவின் கேம்ப் மிண்டனில் 2012-இல் நடந்த ஒரு வெடிவிபத்துக்குப் பிறகு, முறையின்றிக் குவித்திருந்த எம்-6 பீரங்கி மருந்து ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு கண்டெடுக்கப்பட்டது. நிலைப்படுத்தி தீரத் தீர ஆபத்து ஏறும் சரக்கு அது. மூடிய உலையில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து முடிக்க 2017 வரை ஆனது.

இதனால்தான் அந்த வதந்தியைத் தீங்கில்லாத பேச்சு என்று என்னால் விட முடியவில்லை. காலாவதியாகிவிடும் என்று பயந்தவர்கள் அவசரமாக வாங்கிக் குவிக்கிறார்கள். குவித்ததைக் கார் நிறுத்தும் கொட்டகையிலும் கூரைக்கடியிலும் வண்டியின் டிக்கியிலும் வைக்கிறார்கள். வெயிலில் வெந்து, ஈரத்தில் ஊறி, எந்த முதுமைக்குப் பயந்தார்களோ அதையே வரவழைக்கிறார்கள். உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியது எளிது: தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மூடிய பெட்டியில், வெப்பம் ஏறியிறங்காத உலர்ந்த இடத்தில் வையுங்கள், எண்ணெயும் அம்மோனியா கலந்த துப்புரவு நீரும் அருகில் வேண்டாம், பழையதை முதலில் பயன்படுத்துங்கள். பச்சை பூத்த உறையையும் வெடிப்புவிட்ட உறையையும் சுட்டுப் பார்க்காமல், என்ன செய்வது என்று காவல் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வதந்திக்குத் தகுதியில்லை. அந்த லாட்டின் மருந்தை எடுத்துச் சூடேற்றிப் பார்த்தவருக்குத்தான் உண்டு.