உரைகல்லுக்கு எட்டாத தங்கம்

தாராவியின் 90 அடி சாலையில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. விடியுமுன் இட்லி அவித்து விற்ற காசில் ஒரு தாய் வாங்கிய இரண்டு பவுன் சங்கிலி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் உரைகல்லில் தேய்த்துவிட்டுக் கடைக்காரர் சொன்னதுதான் மாற்று. இப்போது கேரட் மீட்டர் வந்துவிட்டது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்புகிறது. தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரை காட்டிவிடும். 22 கேரட் என்று நம்பியது 18 என்று வந்தால், 16 கிராமில் கிட்டத்தட்ட 2.7 கிராம் தங்கம் போச்சு. ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகத் தொடங்கியதே 2021 ஜூனில்தான். பழைய நகை பலவற்றுக்கு வாய்வார்த்தைதான் உத்தரவாதம்.

வானியலாளர்களும் மாற்றுப் பார்ப்பவர்கள்தான். என்ன, சரக்கைத் தட்டில் வைக்க முடியாது. நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கரிய கோடுகள் தெரிகின்றன. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். கோடு அழுத்தமாக இருந்தால் சரக்கு அதிகம் என்று நம்பிவிடக் கூடாது. வெப்பநிலை ஏமாற்றிவிடும். அந்த ஏமாற்றைக் கணக்கில் கொள்ள 1920ல் சமன்பாடு தந்தவர் மேகநாத சாஹா. அதை வைத்துத்தான் 1925ல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிக அதிகம் என்று காட்டினார். பெரியவர்கள் முதலில் நம்பவில்லை.

மாதுங்கா கல்யாணங்களில் மின்னும் தங்கம் எங்கே பிறந்தது? நட்சத்திரத்தின் அணு உலை இரும்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நியூட்ரான்களை விழுங்கித்தான் அணு பருக்க வேண்டும். முதிய நட்சத்திரங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் நிதானமாக விழுங்கினால் பேரியம், ஈயம் கிடைக்கும். தங்கத்துக்கு நிதானம் சரிப்படாது. நொடிகளில் கொட்ட வேண்டும். 13 கோடி ஒளி ஆண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியது 2017 ஆகஸ்ட் 17 அன்று இங்கே தெரிந்தபோது, அப்படி ஒரு பட்டறை கண்ணில் பட்டது. அந்த ஒளியில் ஸ்ட்ரான்ஷியம் இருப்பதை 2019ல் அடையாளம் கண்டார்கள்.

இன்னொரு சாட்சி எச்டி 222925 என்ற நட்சத்திரம். ஹப்பிள் எடுத்த புற ஊதா நிறமாலையின் உதவியோடு 2022ல் அதில் 65 தனிமங்களை எண்ணினார்கள், தங்கமும் உண்டு. அது சுயமாகச் சம்பாதித்ததல்ல, பிறக்கும்போதே வாயுவோடு வந்த சீதனம்.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு விஞ்ஞானிகள் ஆராயும் தோரியமும் இதே வம்சம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடப்பது. பாதி சிதையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், பழைய நட்சத்திரங்களின் வயதைச் சொல்லும் கடிகாரமும் அதுதான்.

அடுத்த மோதல் வானத்தின் எந்த மூலையில் என்பதைத் துல்லியமாகக் காட்டுவதற்காக, மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ மையம் அமைக்க 2023ல் மத்திய அரசு சம்மதித்தது. செலவு 2,600 கோடி ரூபாய்.