பதுளையின் கல்லும் தோட்டத்து மண்ணும்

பதுளையின் பழைய கல்லறை ஒன்றை ஓர் அரசமரம் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டது. 1817இல் இறந்த சோஃபியா வில்சன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை அது. நட்ட கல்லைச் சுற்றி மரம் வளர்ந்தது; வளர வளரக் கல்லை அணைத்துப் பிடித்தது. கடைசியில் எழுத்தோடு கூடிய கல் அடிமரத்துக்குள் செருகினாற்போல் நின்றது. இலங்கையைப் பற்றிய பழைய பயண நூல்களில் பதுளைக்கு அடையாளமாகவே இந்தக் கல் சொல்லப்பட்டிருக்கிறது.

சோஃபியாவின் கணவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன், பதுளையில் பிரித்தானிய அரசின் உதவி ரெசிடென்ட். கண்டி இராச்சியம் 1815இல் விழுந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவியை மண்ணுக்குக் கொடுத்த அதே ஆண்டில் அவரும் போனார். நாயக்க அரச வம்சத்துத் துரைசாமி தானே என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வெல்லஸ்ஸவில் கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்தது. விசாரிக்கப் போன இடத்தில் அம்பு பட்டு இறந்தார் வில்சன். ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டது அப்படித்தான். அதை அடக்க வந்த படை ஊவாவின் வீடுகளையும் விளைநிலங்களையும் எரித்தது. அதில் மாண்ட சிங்களக் குடியானவர்களுக்குக் கல்லும் இல்லை, கல்லைப் பிடித்துக்கொள்ள மரமும் இல்லை.

பதுளை நகரில் இன்றும் நிற்கிற புனித மாற்கு தேவாலயமே ஒரு மரணத்தின் நினைவாக எழுந்ததுதான். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் பதுளையில் அதிகாரம் செலுத்தியவர். ஊவாவில் பாதைகள் போட்டவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். நண்பர்கள் பணம் சேர்த்துக் கட்டிய கோயில் 1857இல் ஆயர் சப்மனால் அபிஷேகம் செய்யப்பட்டது. நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறை மீதும் பின்னால் இடி விழுந்ததாக ஊர்ச்சனம் சொல்லும். யானையைக் கொன்ற பாவம் விடவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இப்படிப்பட்ட கல்லறைகளையெல்லாம் தேடி, எழுத்து எழுத்தாகப் படியெடுத்தவர் ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி. இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள வாசகங்களைத் தொகுத்து அவர் செய்த பெரிய நூலை அரசாங்க அச்சகம் 1913இல் வெளியிட்டது. அந்த நூலின் தலைப்பில் பின்பாதியைக் கவனிக்க வேண்டும்: நினைவுக்கல் இல்லாமல் போனவர்களின் மரணக் குறிப்புகளும் அடங்கியது என்று அது சொல்கிறது. கல் வைக்க ஆளில்லாமல் இறந்த அதிகாரிகளையும் படைவீரர்களையும் துரைமாரையும் கூட அந்த மனிதர் தேடிப்பிடித்து எழுதினார். அருமையான உழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நூல் அச்சேறிய வருடத்தில் பதுளையைச் சுற்றி பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, நமுனுகுல என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைக்கடியில் ஆயிரக்கணக்கில் தோட்டத் தொழிலாளர்கள் புதைந்து கிடந்தார்கள். அவர்களுக்கு ஒரு லூயிஸ் வரவில்லை.

தியத்தலாவையையும் இங்கே சொல்லியாக வேண்டும். போயர் யுத்தத்தில் பிடிபட்ட சுமார் 5,000 கைதிகளை ஆங்கிலேயர் 1900இல் அங்கே கொண்டுவந்து முகாமில் வைத்தார்கள். காய்ச்சலில் இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். எதிரிகள், அந்நியர்கள், இரண்டு மூன்று வருடமே இந்த மண்ணில் இருந்தவர்கள். ஆனாலும் அவர்கள் பெயர்கள் நினைவுத் தூணில் இருக்கின்றன. ஹப்புத்தளை புனித அந்திரேயா தேவாலய வளவில் டபிள்யூ. எஸ். சீனியர் என்ற பாதிரியாரின் சாம்பல் இருக்கிறது. இலங்கையைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் அவர். 1938இல் இங்கிலாந்தில் இறந்தவரின் சாம்பலைக் கடல் கடந்து கொண்டுவந்து, அவர் நேசித்த மலையில் வைத்தார்கள்.

தோட்டத்துச் சாவு வேறு மாதிரி. லயத்தில் ஒரு காம்பராவில் உயிர் போனால் முதலில் தலைவர் மூலமாகத் தோட்டத்து ஆபீசுக்குச் செய்தி போகும். தோட்டத்தில் நடந்த மரணத்தைப் பதிவுக்கு அறிவிப்பது துரையின் பொறுப்பு. இஸ்தோப்பில் உடலைக் கிடத்தி, சனம் கூடி, தப்புச் சத்தம் மலையெங்கும் கேட்கும். ஐந்தாறு இளந்தாரிகள் அலவாங்கும் மண்வெட்டியுமாக முன்னாலேயே கிளம்பி மேட்டுக்குப் போய்விடுவார்கள். நேற்று வரை கான் வெட்டிய அதே மண்வெட்டி. கல் தட்டினால் ஒரு முழம் தள்ளி வெட்டுவார்கள். பழைய எலும்பு தட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளி. கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, மண் தள்ளி, தலைமாட்டில் ஒரு கல்லோ செடியோ வைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் பால் தெளிப்பு, பதினாறில் கருமாதி. அதற்குப் பிறகு அந்த மேட்டைப் பார்த்துக்கொள்வது மழைதான். ஊவாவில் வடகீழ்ப் பருவமழை இரண்டு மூன்று வருடம் அடித்தால் மேடு கரைந்து நிலம் சமனாகும். பெயர் எழுதிய பலகை இருந்தால் அதுவும் உக்கிப் போகும்.

எழுத்து இல்லையே தவிர நினைவு இல்லை என்று சொல்ல முடியாது. "எங்க தாத்தா ஏழாம் நம்பர் மலையிலதான் இருக்காரு" என்று கைநீட்டிக் காட்டும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. அங்கே கொழுந்து பறிக்கப் போகிற பேத்திக்கு அது வேலைத்தலமும்கூட. ஆனால் அந்த நினைவு ஒரு குடும்பத்தின் வாயில் மட்டும் இருப்பது. குடும்பம் போனால் அதுவும் போகும்.

குடும்பங்கள் போகவும் செய்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. பாட்டன் புதைந்த இடத்தைக் காட்டத் தோட்டத்துச் சனத்தால் முடியும். பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? மண்ணோடு மண்ணானவர்களின் வாரிசு நாடற்றவராக நின்றது அப்படித்தான். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. பதுளைப் புகையிரத நிலையத்தில் மூட்டைகளோடு ஏறியவர்கள் மலையில் கிடந்த தாய் தகப்பனை விட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். போனவர்கள் கைகாட்டிய மேடுகளை இன்று அடையாளம் சொல்ல ஆளில்லை.

அதற்கு முந்திய தலைமுறையின் கணக்கு இன்னும் மோசம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறியவர்களில் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி. 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் கணக்கிட்டது. அந்த எண்ணை ஏற்கிற ஆய்வாளரும் உண்டு, மிகை என்பவரும் உண்டு. பெயர் எழுதாமல் விட்டதால் வந்த வழக்கு இது. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் பெயர் தெரியாத அந்த ஆட்களை நினைத்துத்தான் நடந்தார்கள். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் காவியமான ‘தேயிலைத் தோட்டத்திலே’யை 1954இல் வெளியிட்டபோதே தேயிலைக்கடியில் புதைந்தவர்களைப் பாடிவிட்டார். சக்தீ பால-ஐயா அதைத் தமிழில் தந்தார்.

கொஸ்லாந்தை மீரியபெத்தைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். மாற்று வீடு வரவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வீடே இடுகாடாய்ப் போன குடும்பங்களுக்கு மக்கல்தெனியவில் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

இப்படிப் பெயரில்லாமல் புதைந்தவர்களுக்காகப் பதுளையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்யவும் முடியும். துரைமார் அனுப்பிய மரண அறிவிப்புகளை வைத்துப் பதிந்த பதிவேடுகள் இருக்கின்றன. தேவாலயங்களில் அடக்கப் பதிவுப் புத்தகங்கள் உண்டு. தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்களின் கணக்குக் கொப்பிகள் உண்டு. யார் வீட்டுச் சாவுக்கு எந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தோம் என்று அதில் எழுதியிருக்கும். கொப்பி பெரும்பாலும் செயலாளர் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும், அல்லது பழைய பேப்பரோடு கடைக்குப் போயிருக்கும். எண்பது வயது பாட்டிமார் நம்பர் சொல்லி மலையைக் காட்டும் நிலையில் இன்னும் இருக்கிறார்கள். பசறைப் பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்தின் உயர்தர வகுப்பு, ஒரு தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கொப்பியையும் பாட்டியையும் ஒரே நாளில் மேட்டுக்குக் கொண்டுபோனால் முதல் நாற்பது ஐம்பது பெயர்களாவது கிடைக்கும்.